ரெட்டைச் சடையும் சைக்கிள் ஹெல்மெட்டும்

பதினைந்து வயதுப் பெண்ணை சைக்கிள் ஹெல்மெட் போடச் சம்மதிக்க வைக்கவேண்டுமா, முதலில் அவளுடைய தலைமுடியைப் பற்றிப் பேசவேண்டும். விபத்து, மூளை, மருத்துவமனை எல்லாம் அப்புறம்.

எங்கள் பக்கத்துப் பள்ளிகள் பலவற்றில் இன்றும் ரெட்டைச் சடை கட்டாயம். எண்ணெய் வைத்து, நடுவகிடு எடுத்து, இரண்டு பக்கமும் இறுக்கிப் பின்னி, சடையை மேலே மடித்துக் காதுக்குப் பின்னால் ரிப்பன் கட்டவேண்டும். சைக்கிள் ஹெல்மெட்டின் வாரோ காதுக்கு முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று என்று இறங்கிக் காதுமடலுக்குக் கீழே சேர்கிறது. சரியாக ரிப்பன் முடிச்சு உட்காரும் இடம். பின்பக்கம் இறுக்குவதற்கு ஒரு திருகு இருக்கும். அது பிடரிக்கு மேலே வந்து சடையை அழுத்தும். காலையில் தலைக்குக் குளித்த நாளாக இருந்தால் ஈரம் காயாமல் உள்ளே வேர்த்து, முதல் பீரியட் முழுக்கத் தலை நாறும். இத்தனையும் என் மகள் சொன்ன காரணங்கள். எல்லாமே நியாயமான காரணங்கள். இவற்றைக் காதில் வாங்காமல் "உயிர் முக்கியமா முடி முக்கியமா" என்று கேட்டால், அந்த நிமிடத்தோடு பேச்சு முடிந்துவிடும்.

நாங்கள் இருப்பது கோவையில், வடவள்ளியில். அவள் பள்ளி லாலி ரோட்டுப் பக்கம். மருதமலை ரோட்டில் வேளாண் பல்கலைக்கழகத்தைத் தாண்டிப் போகவேண்டும். காலையில் டவுன் பஸ்ஸும் கல்லூரிப் பேருந்துகளும் ஒன்றை ஒன்று முந்திக்கொண்டு போகிற ரோடு. சாயங்காலம் டியூஷன் முடிந்து திரும்பும்போது இருட்டிவிடும். பத்தாம் வகுப்பு தொடங்கியதும் "இனி ஆட்டோ வேண்டாம், சைக்கிள்லயே போறேன்" என்றாள். எனக்கு அது பெரிய சந்தோஷம். ஒரு பெண் குழந்தை தன் வழியைத் தானே பார்த்துக்கொண்டு போய்வருவதைவிட எனக்கு வேறென்ன வேண்டும்? அதனால்தான் ஹெல்மெட் விஷயத்தில் ஒன்றை மட்டும் மனதில் வைத்துக்கொண்டேன்: இந்தப் பேச்சு அவளை சைக்கிளை விட்டே இறக்கிவிடக் கூடாது.

அந்தப் பயத்துக்கு ஆதாரம் இருக்கிறது. உலகத்திலேயே முதன்முதலில் சைக்கிள் ஓட்டுபவர்கள் எல்லோருக்கும் ஹெல்மெட்டைக் கட்டாயமாக்கியது ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலம், 1990 ஜூலையில். தலைக்காயங்கள் குறைந்தன. கூடவே சாலையில் சைக்கிள் ஓட்டிய பதின்வயதுப் பிள்ளைகளின் எண்ணிக்கையும் கணிசமாகக் குறைந்தது. போட்டுக்கொண்டு ஓட்டு என்றதும் ஒரு பகுதிப் பிள்ளைகள் ஓட்டாமலே இருந்துவிட்டார்கள். இங்கே சைக்கிளை விடுகிற பிள்ளை வீட்டில் சும்மா இருக்காது. லைசன்ஸ் இல்லாத தோழியின் ஸ்கூட்டியில், பின்சீட்டில், தலையில் ஒன்றும் இல்லாமல் உட்காரும். அதற்கு வெறுந்தலையோடு சைக்கிளே மேல் என்று எனக்குத் தோன்றும்.

முடி விஷயத்துக்கு வழி கண்டுபிடித்தது அவளும் அவள் அம்மிச்சியும் (பாட்டி)தான். சடையைக் கொஞ்சம் தாழப் பின்னிக்கொள்வது. மடித்துக் கட்டாமல் தொங்கவிட்டபடி ஹெல்மெட் போடுவது. ரிப்பனைப் பையில் வைத்துக்கொண்டு பள்ளி சைக்கிள் ஸ்டாண்டில் இறங்கியதும் கட்டிக்கொள்வது. தலைக்குக் குளிப்பதை முந்தின சாயங்காலத்துக்கு மாற்றிக்கொண்டாள். உள்ளே இருக்கும் பஞ்சுப் பட்டைகளைக் கழற்றித் துவைக்கலாம் என்று தெரிந்ததும் எண்ணெய்ப் பிரச்சினை பாதி தீர்ந்தது. மெல்லிய பருத்திக் கைக்குட்டையை நெற்றியில் கட்டிக்கொண்டதும் மீதியும் தீர்ந்தது. வெள்ளிக்கிழமை மட்டும் அம்மிச்சிக்கு மனத்தாங்கல். "அதென்ன கண்ணு, தலைல சட்டியக் கவுத்த மாதிரி. பூ வெக்க எடமே இல்லாமப் போச்சே" என்பார். இப்போது பூவும் ரிப்பனோடு பையில்தான் போகிறது.

(நடுவில் ஒன்று சொல்லிவிடுகிறேன். டியூஷனுக்குச் சுடிதாரில் சைக்கிள் ஓட்டும் பெண்கள் துப்பட்டாவை இரண்டு பக்கமும் தொங்கவிட்டுப் போகாதீர்கள். குறுக்கே போட்டு இடுப்பில் முடிந்துகொள்ளுங்கள். பின்சக்கரத்தில் மாட்டினால் கழுத்தை இழுத்துக் கீழே தள்ளிவிடும். அதற்கு எந்த ஹெல்மெட்டும் போதாது.)

சரி, முடி முடிந்தது. அடுத்து வந்தவை வாதங்கள். இந்த வயதில் பிள்ளைகள் நன்றாக வாதாடுவார்கள், அதை நாம் மரியாதையாக எடுத்துக்கொள்ளவேண்டும்.

"சட்டமே இல்லையேம்மா" என்றாள். உண்மைதான். மோட்டார் வாகனச் சட்டத்தின் 129ஆம் பிரிவு மோட்டார் பொருத்திய இருசக்கர வாகனங்களுக்கு மட்டும்தான். 2015 ஜூலை 1 முதல் சென்னை உயர்நீதிமன்ற உத்தரவின்படி தமிழ்நாடு முழுக்கக் கெடுபிடி வந்தபோதும் சைக்கிளை யாரும் கேட்கவில்லை. ஆமாம், சட்டம் இல்லை, போலீஸ் பிடிக்காது என்று ஒப்புக்கொண்டேன். அதோடு அந்தப் பேச்சு நின்றது.

"நான் மெதுவாத்தானே போறேன்" என்றது அடுத்தது. இதற்கு நான் பதில் சொல்லவில்லை. "ஒம்பதாவது இயற்பியல் புஸ்தகம் இருக்கா?" என்று கேட்டேன். சைக்கிளில் உட்கார்ந்திருக்கும்போது அவள் தலை தரையிலிருந்து ஏறக்குறைய ஒன்றரை மீட்டர் உயரத்தில் இருக்கிறது. சைக்கிள் நகரவே இல்லை, சிக்னலில் நிற்கிறது, அப்படியே பக்கவாட்டில் சாய்ந்து தலை கீழே வருகிறது என்று வைத்துக்கொள்வோம். தரையைத் தொடும்போது வேகம் என்ன? அவளே போட்டாள். தொடக்க வேகம் பூஜ்யம். முடிவு வேகத்தின் வர்க்கம் 2 × 9.8 × 1.5, அதாவது 29.4. வர்க்கமூலம் 5.42. விநாடிக்கு 5.42 மீட்டர். 3.6ஆல் பெருக்கினால் மணிக்கு 19.5 கிலோமீட்டர். அவள் சைக்கிள் ஓட்டும் வேகமே அவ்வளவு இருக்காது. பென்சிலை வைத்துவிட்டு மறுபடி ஒருமுறை பெருக்கிப் பார்த்தாள்.

ஐரோப்பாவில் சைக்கிள் ஹெல்மெட்டுகளுக்கு ஈஎன் 1078 என்று ஒரு தரநிலை இருக்கிறது. ஹெல்மெட்டை ஒரு செயற்கைத் தலையில் மாட்டி, தட்டையான இரும்புப் பரப்பின்மேல் போட்டுப் பார்ப்பார்கள். அந்தச் சோதனையில் மோதும் வேகம் விநாடிக்கு 5.42 மீட்டர். அவள் கணக்கில் வந்த அதே எண். நோட்டில் தான் எழுதிய எண்ணும் தரநிலையில் இருக்கும் எண்ணும் ஒன்று என்று பார்த்தபோது அவள் முகத்தில் வந்த பெருமையை, நான் எத்தனை புத்திமதி சொல்லியிருந்தாலும் வரவழைத்திருக்க முடியாது.

பெருமை அடங்குவதற்குள் அடுத்த கேள்வி. "உள்ள வெறும் தெர்மாகோல்தானேம்மா? பிராஜெக்டுக்கு வாங்கற தெர்மாகோல். அது என்னத்தக் காப்பாத்தும்?" மறுக்க முடியாது. பொருள் அதேதான், இன்னும் அடர்த்தியாகச் செய்தது. அது உடைவதற்கென்றே வைத்தது, நசுங்குவதற்கென்றே வைத்தது. இதையும் கணக்காகவே போட்டோம். அதே வேகத்தில் வரும் தலை வெறும் தார்ரோட்டில் மோதி 2 மில்லிமீட்டருக்குள் நின்றுவிட்டால், அதைத் தடுத்து நிறுத்தும் முடுக்கம் புவியீர்ப்பைப்போல 750 மடங்கு. தெர்மாகோல் 2 சென்டிமீட்டர் நசுங்கிக்கொடுத்து நின்றால் 75 மடங்கு. நிஜத்தில் இவ்வளவு சீராக நசுங்காது. அந்தத் தரநிலை 250 மடங்கு வரை அனுமதிக்கிறது. ஆனால் நிற்பதற்கு அந்த இரண்டு சென்டிமீட்டர் கிடைப்பதுதான் முழு விஷயமும். ஒருமுறை நசுங்கியது மறுபடி எழும்பாது. பலமாக அடிபட்ட ஹெல்மெட் வெளியே நன்றாகத் தெரிந்தாலும் தூக்கிப் போட்டுவிட வேண்டியதுதான்.

எதையும் கூட்டிச் சொல்லக் கூடாது என்பதில் நான் உறுதியாக இருந்தேன். இந்த வயதுப் பிள்ளைகள் பொய்யை உடனே மோப்பம் பிடிப்பார்கள். ஒரு பொய் அகப்பட்டால் மீதி ஒன்பது உண்மையும் போச்சு. ஹெல்மெட் போட்டால் தலைக்காயம் 85 சதவீதம் குறையும் என்று பல இடங்களில் எழுதியிருப்பார்கள். அமெரிக்காவின் சியாட்டிலில் செய்து 1989இல் வெளிவந்த ஓர் ஆய்வின் எண் அது. 2016இல் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் இருவர் 40 ஆய்வுகளை, காயம்பட்ட 64,000க்கும் மேற்பட்ட சைக்கிள்காரர்களின் விவரங்களைச் சேர்த்துப் பார்த்தார்கள். தலைக்காயம் ஏறக்குறைய பாதியாகக் குறைகிறது, கடுமையான தலைக்காயம் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு குறைகிறது என்று தெரிந்தது. மகளிடம் இந்த இரண்டாவது கணக்கைத்தான் சொன்னேன். லாரி ஏறினால் ஹெல்மெட் ஒன்றும் செய்யாது என்பதையும் சொன்னேன். கை உடையும், பல் போகும், அதையும் தடுக்காது. மணலில் சறுக்கி விழுவது, பார்க்காமல் திறந்த கார் கதவில் இடிப்பது, நாய் குறுக்கே வந்து கவிழ்வது. இவைதான் அதன் வேலை. அவள் போகிற ரோட்டில் தினமும் நடக்கக்கூடியவை இவை.

"நெதர்லாண்ட்ஸ்ல ஒருத்தரும் போடறதில்ல" என்று ஒரு வீடியோவைக் காட்டினாள். நல்ல கேள்வி. அங்கே சாதாரணமாக சைக்கிளில் போகிறவர்கள் பெரும்பாலும் போடுவதில்லைதான். வீடியோவை மறுபடி ஓடவிட்டு ரோட்டைப் பார்க்கச் சொன்னேன். சைக்கிளுக்குச் சிவப்புத் தனிப்பாதை, நடுவில் தடுப்பு, சைக்கிளுக்கென்றே தனி சிக்னல். மருதமலை ரோட்டில் அது வரும் நாளில் நானே ஹெல்மெட்டைக் கழற்றிப் பரணில் போடுகிறேன் என்றேன். சிரித்தாள். ஆனால் இதில் அவள் சொன்னது ஒரு பெரிய உண்மை. பிள்ளைகளின் தலையைக் காக்கிற முதல் பொறுப்பு ரோடு போடுகிறவர்களுடையது. அவர்கள் செய்யாததற்குத்தான் நாம் தெர்மாகோல் கட்டிக்கொண்டு போகிறோம். இந்தக் கோபம் பிள்ளைகளிடம் இருப்பது நல்லது, இருக்கட்டும்.

இத்தனை கணக்கும் ஒப்புக்கொண்ட பிறகும் அவள் போடவில்லை. ஏன் என்று எனக்குத் தெரியும், எல்லாப் பெற்றோருக்கும் தெரியும். அவளும் தோழிகளுமாக நான்கு பெண்கள். நான்கு சைக்கிள்கள் ஒன்றாகப் போகும், ஒன்றாக வரும். நான்கில் ஒருத்தி மட்டும் ஹெல்மெட்டோடு வருவது என்பது ஆபத்தைப் பற்றிய கேள்வியே கிடையாது. அது அவளுக்குத் தெருவில் தனியாக நிற்பது. "எல்லாரும் சிரிப்பாங்கம்மா" என்று அவள் சொல்லும்போது அந்த "எல்லாரும்" மூன்று பேர்தான். ஆனால் அந்த வயதில் உலகமே அந்த மூன்று பேர்தானே.

இதைப் பிள்ளைத்தனம் என்று தள்ளிவிடுகிறவர்களுக்கு இரண்டு செய்திகள். அமெரிக்காவில் கார்ட்னர், ஸ்டைன்பெர்க் என்ற இரு உளவியலாளர்கள் 2005இல் ஒரு ஆய்வை வெளியிட்டார்கள். கணினியில் கார் ஓட்டும் விளையாட்டு. மஞ்சள் விளக்கு எரிந்த பிறகும் போகலாமா நிற்கலாமா என்று முடிவெடுக்கவேண்டும். தனியாக ஆடியபோதைவிட நண்பர்கள் கூட இருந்து பார்த்தபோது பதின்வயதுப் பிள்ளைகள் மிக அதிகமான ஆபத்தை எடுத்தார்கள். இருபத்து நான்கு வயதைத் தாண்டியவர்களிடம் அந்த வித்தியாசம் ஏறக்குறைய இல்லை. ஆபத்து அந்தப் பிள்ளைகளுக்குப் புரியாமல் இல்லை. நண்பர்கள் பக்கத்தில் இருக்கும்போது அந்தப் புரிதலுக்குக் கனம் குறைந்துவிடுகிறது.

இரண்டாவது, வயது வந்தவர்களும், அதிலும் சைக்கிளே பிழைப்பாக இருந்தவர்களும் இப்படித்தான் இருந்தார்கள். 1991இல் பாரிஸ்–நீஸ் பந்தயத்தில் ஹெல்மெட்டைக் கட்டாயமாக்கியபோது தொழில்முறை வீரர்கள் வேலைநிறுத்தமே செய்தார்கள். வேர்க்கிறது, கனக்கிறது, எங்கள் தலை எங்கள் விருப்பம். கட்டாயம் கைவிடப்பட்டது. 1995 டூர் டி பிரான்ஸில், பிரெனீஸ் மலை இறக்கத்தில், முந்தைய ஒலிம்பிக்கில் தங்கம் வென்ற இத்தாலிய வீரர் ஃபாபியோ கசார்டெல்லி விழுந்து தலையில் அடிபட்டு இறந்தார். ஹெல்மெட் போட்டிருக்கவில்லை. அப்போதும் விதி மாறவில்லை. 2003 மார்ச்சில் அதே பாரிஸ்–நீஸில் கஜகஸ்தான் வீரர் ஆந்த்ரெய் கிவிலெவ் விழுந்து இறந்த பிறகுதான் உலக சைக்கிள் அமைப்பு கட்டாயமாக்கியது. அன்றிலிருந்து எல்லோரும் போடுகிறார்கள், ஒருவரும் அடையாளம் தொலைந்தது என்று அழவில்லை. எல்லோரும் ஒன்றாகப் போட்டபோது, முதலில் போடுகிறவன் யார் என்ற கூச்சமே இல்லாமல் போயிற்று.

அதனால் நான் மகளை விட்டுவிட்டு நால்வரையும் பார்த்தேன். மற்ற மூன்று அம்மாக்களிடமும் பேசினேன். மகளிடம் சொல்லிவிட்டுத்தான் பேசினேன், முதுகுக்குப் பின்னால் பேசினால் இந்த வயதில் மன்னிக்க மாட்டார்கள். நாங்கள் அம்மாக்கள் ஒரு தொகையை மட்டும் தீர்மானித்தோம். தலைக்கு ஆயிரத்தைந்நூறுக்குள். இரண்டு நிபந்தனைகள். உள்ளே ஈஎன் 1078 அல்லது அமெரிக்கத் தரமான சிபிஎஸ்சி என்று அச்சிட்டிருக்கவேண்டும். அளவு சரியாக இருக்கவேண்டும். மற்றதெல்லாம் உங்கள் இஷ்டம், நீங்களே போய் வாங்குங்கள் என்று அனுப்பினோம். தையல் டேப்பை நெற்றியைச் சுற்றிப் பிடித்து நால்வரும் ஒருவர் தலையை ஒருவர் அளந்துகொண்டது எங்கள் வீட்டு ஹாலில்தான். அரைமணி நேரம் ஒரே சிரிப்பு. ஒருத்தி தலை 57 சென்டிமீட்டர் என்று தெரிந்ததும் அவளுக்கு "பெரிய மண்டை" என்று பட்டப்பெயர் வைத்துவிட்டார்கள். அந்தப் பெயர் வைத்த நிமிடத்தில் பாதி வேலை முடிந்தது என்று எனக்குப் புரிந்துவிட்டது. ஹெல்மெட் அவர்களுடைய விஷயமாகிவிட்டது.

எனக்கு மஞ்சள் வேண்டும் என்றிருந்தது. இருட்டில் தெரியுமே. அவர்கள் வாங்கி வந்தது மங்கிய கறுப்பு, நான்கும் ஒரே மாதிரி. வாயை மூடிக்கொண்டேன். போடாத மஞ்சளைவிடப் போடுகிற கறுப்பு மேல். அப்புறம் பின்னால் ஒட்டுவதற்கு ஒளிரும் பட்டை வாங்கிக் கொடுத்தேன், ஒட்டிக்கொண்டார்கள். ஆளுக்கொரு வடிவத்தில் வெட்டி. சைக்கிளின் பின்பக்கம் சிவப்பு விளக்கும் போட்டாயிற்று.

மாட்டுகிற விதம் மட்டும் கொஞ்சம் பொறுமையாகச் சொல்லிக் கொடுக்கவேண்டும். அழகுக்காகப் பின்னுக்குத் தள்ளிப் போடுவார்கள், நெற்றி முழுக்கத் தெரியும்படி. விழும்போது அடிபட அதிக வாய்ப்புள்ள இடங்களில் ஒன்று அந்த நெற்றி. புருவத்துக்கு மேலே இரண்டு விரல் இடைவெளி, அவ்வளவுதான் நெற்றி தெரியலாம். இரண்டு வாரும் காதுமடலுக்கு நேர் கீழே சேரவேண்டும். தாடைக்கும் வாருக்கும் நடுவே ஒரு விரல் நுழைந்தால் போதும். கடைசியில் கொக்கியைப் போடாமலே தலையைக் குனிந்து ஆட்டிப் பார்க்கவேண்டும். கழன்று விழுந்தால் பின்திருகு இறுக்கவில்லை என்று அர்த்தம்.

வீட்டில் ஒரு கணக்கு பாக்கி இருந்தது. "அப்பா பால் வாங்க வண்டில போறப்பப் போடறாரா?" என்று அவள் கேட்டதும் அவருக்குப் பதில் வரவில்லை. தெருமுனைதானே என்று வெறுந்தலையோடு போய்வருவார். மறுநாளிலிருந்து பால் கடைக்கும் ஹெல்மெட்தான். ஊருக்கெல்லாம் சட்டம் சொல்கிற அப்பாக்களே, இதைக் கொஞ்சம் கவனியுங்கள். உங்கள் தலை கேட்காததைப் பிள்ளையின் தலை கேட்காது.

நால்வரும் போடுகிறார்கள். தினமும் போடுகிறார்களா? டியூஷனுக்கு ஆம், பள்ளிக்குப் பெரும்பாலும். பள்ளியில்தான் சிக்கல். கழற்றி எங்கே வைப்பது? சைக்கிள் ஸ்டாண்டில் வைத்தால் மழை, வெயில், காணாமல் போகும் பயம். வகுப்பில் பெஞ்சுக்கடியில் வைத்தால் கால் இடறுகிறது, ஆசிரியர் திட்டுகிறார். ஹெல்மெட்டின் காற்றுத் துளை வழியாகப் பூட்டுச் சங்கிலியை நுழைத்து சைக்கிளோடு பூட்டிவிட்டுப் போகிறார்கள். வெயிலில் காய்ந்தே பாதி ஆயுள் போய்விடும்.

நம் மாநிலத்தில் அரசுப் பள்ளி, அரசு உதவிபெறும் பள்ளி என்று எல்லா மேல்நிலைப் பள்ளிகளிலும் பதினொன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு விலையில்லா சைக்கிள் கொடுக்கிறார்கள். எத்தனையோ பெண்களைப் படிப்பை நிறுத்தாமல் காப்பாற்றிய திட்டம் அது, எனக்கு அதன்மேல் பெரிய மரியாதை உண்டு. அந்தச் சைக்கிளோடு ஒரு ஹெல்மெட்டும் சேர்ந்து வந்தால் எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். வகுப்பு மொத்தமும் ஒரே நாளில் வாங்கும், ஒரே மாதிரி இருக்கும், யார் முதலில் போடுவது என்ற பேச்சே எழாது. ஒரு வீட்டு ஹாலில் நான்கு பிள்ளைகளுக்கு நடந்தது ஒரு வகுப்புக்கே நடக்கும். மாவட்டக் கல்வி அலுவலகத்துக்கு இதை மனுவாக எழுதிக்கொண்டிருக்கிறோம். கையெழுத்துப் போட விரும்பும் கோவைப் பெற்றோர்கள் உங்கள் பள்ளிப் பெற்றோர் ஆசிரியர் கழகத்திலும் இதை எடுத்துப் பேசுங்கள். அதற்குமுன் செய்யக்கூடிய சின்ன வேலை ஒன்றும் இருக்கிறது: சைக்கிள் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில், கூரைக்குக் கீழே, பூட்டுகிற கதவோடு ஒரு அலமாரி, அதில் கொக்கிகள். எங்கள் பள்ளியில் அடுத்த கூட்டத்தில் அதைக் கேட்கப்போகிறோம், தச்சரிடம் விலை விசாரித்து எழுதி வாங்கியாயிற்று.